வளைகோடு தாங்கும் நெருப்பு

பட்டப்படிப்பில் கணிதத்தைத் தேர்ந்தெடுக்க விரும்பும் மாணவரிடம் பெற்றோரும் உற்றாரும் கேட்கும் முதற்கேள்வி ஒன்றுண்டு. "இதனைப் படித்தால் என்ன பயன்?" என்பதே அது. கேள்வியில் குற்றமில்லை. பிள்ளையின் வாழ்வை எண்ணிக் கவலைப்படுவோர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கான விடை மூன்றாண்டுப் படிப்பு முடிவதற்குள் கிடைத்தாக வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதில்தான் இடர் தோன்றுகிறது. சில கேள்விகளுக்கு விடை கிடைக்க ஒரு நூற்றாண்டு தேவைப்படுகிறது. அந்த நூற்றாண்டு முழுவதும் யாரேனும் ஒருவர் அக்கல்வியைக் காத்து வந்திருந்தால்தான் விடை பிறக்கும்.

பயனற்றது என ஒதுக்கத்தக்கதாய்த் தோன்றும் கணிதப் பகுதிகளுள் வளைகோடுகளின் வடிவியலும் ஒன்று. வெளியில் வளைந்தும் முறுகியும் செல்லும் ஒரு கோட்டின் இயல்பை ஆராய்வது அக்கல்வி. அக்கோட்டால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். விண்மீன்களின் நெருப்பை மண்ணில் பிடித்து வைக்கும் முயற்சி இன்று அக்கோட்டை நம்பியிருக்கிறது என்பதே அதற்கு விடை. அதனைச் சற்று விரித்துரைத்து, அதிலிருந்து நம் கல்லூரிகளும் சமுதாயமும் கொள்ள வேண்டிய கருத்தை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சுவரில்லாச் சிறை

கதிரவன் ஒளிர்வது அணுக்கரு இணைவினால். இலேசான அணுக்கருக்கள் இரண்டு ஒன்றுகூடிக் கனமான கரு ஒன்றாகும்போது பேராற்றல் வெளிப்படுகிறது. கதிரவனின் நடுவே வெப்பநிலை ஏறத்தாழ 1.5 கோடி டிகிரி செல்சியஸ். அங்கே அப்பெருங்கோளின் ஈர்ப்பு விசையே எரிபொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. மண்ணுலகில் அத்தகைய ஈர்ப்பு இல்லை. ஆகவே ஹைட்ரஜனின் வகைகளான டியூட்டீரியத்தையும் டிரிட்டியத்தையும் இங்கு இணைக்க வேண்டுமாயின் 10 கோடி டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். அந்நிலையில் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, மின்னேற்றம் பெற்ற துகள்களின் கூட்டமாகப் பொருள் மாறுகிறது. இதனையே பிளாஸ்மா என்பர்.

இத்தகைய வெப்பத்தை எந்தப் பாத்திரத்தில் இட்டு வைப்பது? சுவரைத் தொட்டால் சுவரும் கெடும், பிளாஸ்மாவும் குளிர்ந்துவிடும். எனவே அறிஞர்கள் காந்தப்புலத்தையே கொள்கலனாக்க எண்ணினர். மின்னேற்றமுள்ள துகள், காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சுற்றி, அக்கோட்டின் வழியே ஓடும் இயல்புடையது. கொழுகொம்பைச் சுற்றிப் படரும் கொடியை இதற்கு ஒப்பிடலாம். கோடு எவ்வழி செல்லுமோ துகளும் அவ்வழி செல்லும். ஆகவே, கோட்டிற்கு முனை இருந்தால் துகள் அம்முனை வழியே வெளியேறிவிடும். முனையே இல்லாதிருக்க வேண்டுமெனில் கோடு வளைந்து தன்னுள்ளேயே சுழன்றாக வேண்டும்.

ஏன் உருண்டையாக அமைக்கலாகாது என்று கேட்கத் தோன்றும். நம் ஒவ்வொருவர் தலையிலும் சுழி ஒன்று இருக்கிறது. உருண்டை முழுவதும் மயிர் வளர்ந்திருப்பதாகக் கொண்டால், அதனை எப்படி வாரினாலும் எங்கேனும் ஓரிடத்தில் சுழி விழுந்தே தீரும். காந்தக் கோடுகள் உருண்டையின் மேல் படிந்து ஓடுமாயின் அச்சுழியில் புலம் இல்லாமற் போகும். அங்கே ஓட்டை விழும். சுழியில்லாமல் வாரக்கூடிய மூடிய வடிவம் நடுவே துளையுள்ள வளையம் ஒன்றே. உளுந்து வடையின் வடிவம் அது. இணைவு உலைகள் வளைய வடிவில் அமைந்ததற்குக் காரணம் பொறியாளரின் விருப்பமன்று, வடிவியலின் கட்டளை.

வளைத்தால் மட்டும் போதுமோ?

வளையம் செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணலாகாது. வளையத்தின் உட்பக்கம் காந்தப்புலம் வலிமை மிகுந்தும், வெளிப்பக்கம் குறைந்தும் இருக்கும். இவ்வேறுபாட்டாலும் கோட்டின் வளைவாலும் நேர்மின் துகள்கள் ஒரு பக்கமும் எதிர்மின் துகள்கள் மறுபக்கமும் மெல்ல விலகுகின்றன. ஒன்று மேலே போனால் மற்றொன்று கீழே போகிறது. அவ்வாறு பிரிந்த மின்னேற்றங்களுக்கிடையே மின்புலம் தோன்றிப் பிளாஸ்மா முழுவதையும் வெளிச்சுவர்மீது தள்ளிவிடுகிறது.

இதற்கு மருந்து ஒன்றே. காந்தக் கோடு வளையத்தைச் சுற்றி ஓடும்போதே, மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாகப் புரண்டு ஓட வேண்டும். அப்போது மேலே ஏற்பட்ட விலகலைக் கீழே ஏற்படும் விலகல் ஈடுசெய்யும். கயிற்றின் புரிபோலக் கோடுகள் முறுகிச் செல்ல வேண்டும் என்பதே இதன் பொருள். அவ்வாறு முறுகிய கோடுகள் ஒன்றினுள் ஒன்றாக அடங்கிய அடுக்குகளை உண்டாக்குகின்றன. வாழை மரத்தின் பட்டைகள் அடுக்கடுக்காய்ச் சூழ, நடுவே தண்டு இருப்பது போன்றது அவ்வமைப்பு. நடுவே தண்டுபோல் ஓடும் கோட்டைக் காந்த அச்சு என்பர்.

அம்முறுக்கை உண்டாக்க இரு நெறிகள் கண்டனர். சோவியத்து நாட்டில் தாமும் சாகரவும் 1950-களின் தொடக்கத்தில் கண்டது ஒன்று. வளையத்தை எளிய வட்டமாகவே வைத்துக்கொண்டு, பிளாஸ்மாவின் உள்ளேயே பெரும் மின்னோட்டத்தைச் செலுத்தி முறுக்கை வரவழைப்பது அந்நெறி. அதுவே டோக்காமாக். மற்றொன்று அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் வானியல் அறிஞர் லைமன் ஸ்பிட்சர் 1951-இல் கண்டது. அர்ஜென்டீனாவில் இணைவு ஆற்றல் கைகூடிவிட்டதாக அவ்வாண்டு மார்ச்சில் அந்நாட்டு அதிபர் பெரோன் அறிவித்தார். அச்செய்தி பொய்யெனப் பின்னர் தெளிவாயிற்று. அது ஸ்பிட்சரிடம் தூண்டிய சிந்தனையோ நிலைத்தது. உள்ளே மின்னோட்டம் எதுவும் வேண்டா. வளையத்தையே எட்டு என்னும் எண்ணின் வடிவில் முறுக்கிவிட்டால் கோடுகள் தாமே முறுகும் என்பது அவர் கண்ட உண்மை. விண்மீனை நினைவூட்டும் வகையில் அக்கருவிக்கு ஸ்டெல்லரேட்டர் எனப் பெயரிட்டார். அதன் முதல் சிறு மாதிரி 1953-இல் இயங்கியது.

பிளாஸ்மாவினுள் ஓடும் மின்னோட்டம் திடீரெனக் குலைந்து கருவிக்கு ஊறு விளைவிக்கக்கூடும். மின்மாற்றி முறையில் அம்மின்னோட்டத்தை இடைவிடாது செலுத்திக்கொண்டிருக்கவும் இயலாது. ஸ்டெல்லரேட்டருக்கு இவ்விரு தொல்லைகளும் பெரிதும் இல்லை. டோக்காமாக் வரைவதற்கு எளிது, ஓட்டுவதற்கு அரிது. ஸ்டெல்லரேட்டரோ வரைவதற்கு மிக அரிது. ஓடத் தொடங்கிவிட்டால் அமைதியாய் ஓடும். முன்னதில் மின்னோட்டம் செய்யும் வேலையைப் பின்னதில் கோட்டின் வடிவமே செய்கிறது.

இரண்டே அளவுகள்

கோட்டின் வடிவத்தை எவ்வாறு அளப்பது? வெளியில் செல்லும் எக்கோட்டையும் விவரிக்க இரண்டு அளவுகள் போதும். ஒன்று வளைவு, மற்றொன்று முறுக்கம். சமவெளியில் ஓடும் சாலை ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு திரும்புகிறது என்பது வளைவு. கொல்லிமலைப் பாதைபோல் அது திரும்பிக்கொண்டே மேலேறுமாயின், வளையும் தளமே மெல்லத் திரும்பிக்கொண்டு வரும். அவ்வாறு தளம் திரும்பும் அளவே முறுக்கம். சங்கினுள் வலம்புரி, இடம்புரி என்று நாம் வழங்கும் வேறுபாடு போலவே முறுக்கத்திலும் வலமும் இடமும் உண்டு. ஒரு கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் இவ்விரு அளவுகளும் தெரிந்துவிட்டால் அக்கோட்டின் வடிவம் முழுவதும் தெரிந்துவிடும்.

இக்கல்வியின் தொடக்கம் 1731-ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. இருவகை வளைவுடைய கோடுகளைப் பற்றிப் பிரான்சு நாட்டின் கிளேரோ நூல் வெளியிட்டபோது அவருக்கு வயது 18. நம் கல்லூரியில் முதலாமாண்டில் அமர்ந்திருக்கும் மாணவரின் வயது அது. பின்னர் 1847-இல் பிரெனே தம் ஆய்வேட்டிலும், 1851-இல் செர்ரே தனியாகவும் வளைவையும் முறுக்கத்தையும் இணைக்கும் வாய்பாடுகளைத் தந்தனர். அணுவின் உட்கருவே அறியப்படாத காலம் அது. இணைவு உலை என்னும் கனவு அவர்களுள் எவருக்கும் தோன்றியிருக்க வழியில்லை. கோடு அழகாயிருந்தது, அதன் இயல்பு அறியத்தக்கதாயிருந்தது, அறிந்தார்கள். அவ்வளவே.

அவ்வாய்பாடுகளே இன்று ஸ்டெல்லரேட்டர் வரைவோரின் கைக்கருவி. காந்த அச்சின் வளைவும் முறுக்கமும் தெரிந்தால், அதனை ஒட்டிய காந்தப்புலத்தின் இயல்பைப் பெரும்பாலும் கணக்கிட்டுவிட முடியும் என்பதைக் காரனும் பூசரும் 1991-இல் காட்டினர். அதில் வியக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஸ்டெல்லரேட்டர்களுள் ஒரு வகையில், அச்சின் வளைவு எந்தப் புள்ளியிலும் சுழியமாகலாகாது. மற்றொரு வகையில், காந்தப்புலம் உச்சமும் நீசமும் அடையும் இடங்களில் வளைவு சுழியமாகியே தீர வேண்டும். நேராகச் செல்லும் சாலையில் எப்பக்கம் வளைகிறது என்ற கேள்விக்கே இடமில்லை அன்றோ? அதுபோல் வளைவு அற்றுப்போகும் புள்ளியில் முறுக்கத்தை அளக்கும் வழக்கமான முறையும் நின்றுவிடுகிறது. இதனை அறியாதவர் வரையும் உலை பிளாஸ்மாவைத் தாங்காது. பாடநூலில் தேர்வுக்காக மட்டும் படித்து மறக்கப்படும் ஒரு நிபந்தனை, பத்துக் கோடி டிகிரி வெப்பத்தைப் பிடித்து வைப்பதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

தோல்வியும் மீட்சியும்

ஸ்டெல்லரேட்டரின் வரலாறு நேரான சாலையாய் இருக்கவில்லை. அதன் முறுகிய புலத்தில் சில துகள்கள் சிக்கி, மெல்ல விலகி வெளியேறிக்கொண்டிருந்தன. 1968-இல் சோவியத்து அறிஞர்கள் தம் டோக்காமாக்கில் கண்ட உயர்வெப்பத்தை அறிவித்தனர். மறு ஆண்டு பிரிட்டன் அறிஞர் குழு அங்கே சென்று லேசர் கொண்டு அளந்து அதனை உறுதி செய்தது. பிரின்ஸ்டனே தன் பெரிய ஸ்டெல்லரேட்டரை டோக்காமாக்காக மாற்றிவிட்டது. உலகின் பெரும்பகுதி அவ்வழியே சென்றது. ஜெர்மனி, ஜப்பான் முதலிய சில நாடுகளின் அறிஞர்களே பழைய வடிவத்தைக் கைவிடாது காத்தனர்.

மீட்சி கணிதத்திலிருந்தே வந்தது. கண்ணுக்குத் தெரியும் வடிவம் சமச்சீராக இருக்கத் தேவையில்லை. தகுந்த ஆயங்களில் நோக்கும்போது காந்தப்புலத்தின் வலிமை மட்டும் சமச்சீராக இருந்தால், துகள்கள் டோக்காமாக்கில் போலவே அடங்கியிருக்கும். இதற்கு அடிப்படையான கருத்தை ஆலன் பூசர் 1983-இல் தந்தார். அத்தகைய வடிவங்கள் உண்டு என்பதை நியூரென்பெர்க், சில்லே ஆகிய இருவரும் 1988-இல் கணினியின் துணைகொண்டு காட்டினர். வெளியே கோணல், உள்ளே ஒழுங்கு. 2022-இல் லாண்ட்ரிமனும் பாலும் அம்மறைந்த சமச்சீர்மை ஏறத்தாழ முழுமையாகவே அமைந்த வடிவங்களைக் கணக்கிட்டு வெளியிட்டனர்.

ஏட்டில் கண்டது இரும்பிலும் செம்பிலும் கூடுமா என்பதற்கு ஜெர்மனியின் கிரைப்ஸ்வால்டு நகரில் அமைந்த வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் சான்றாகும். அதில் மீக்கடத்தும் காந்தச் சுருள்கள் 70. அவற்றுள் 50 சுருள்கள் தட்டையாக இல்லாமல், வெளியில் நெளிந்து முறுகிய வடிவம் உடையவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.5 மீட்டர் உயரம். அவற்றைப் பொருத்தி முடிக்கப் பத்து இலட்சம் மணி நேரத்திற்கும் மேற்பட்ட உழைப்புத் தேவைப்பட்டது. 2015 டிசம்பரில் அக்கருவி முதன்முதலாக இயங்கியது. வரைந்த காந்தப்புலமும் உண்மையில் அமைந்த புலமும் இலட்சத்தில் ஒரு பங்கினும் நுண்ணிய அளவில் ஒத்திருந்தன எனப் பின்னர் அளந்து கண்டனர். 2023 பிப்ரவரியில் பிளாஸ்மா அதனுள் 8 நிமிடம் நீடித்தது. கோட்டை நம்பியவர்களைக் கோடு கைவிடவில்லை.

இம்முயற்சிகளை மிகைப்படுத்திப் புகழ்வதும் முறையன்று. இணைவு உலை எதுவும் இன்றுவரை ஊருக்கு மின்சாரம் வழங்கவில்லை. பிரின்ஸ்டனில் கட்டப்பட்டுவந்த ஸ்டெல்லரேட்டர் ஒன்று, சுருள்களைப் பொருத்துவதில் வேண்டியிருந்த மிகு நுண்மையாலும் பெருகிய செலவாலும் 2008-இல் பாதியிலேயே கைவிடப்பட்டது. வடிவியல் அழகாயிருந்தும் கட்டி முடிக்க இயலாத நிலை அங்கே நேர்ந்தது. அத்தோல்வியும் ஒரு புதிய கேள்வியையே எழுப்பிற்று. இத்துணை நெளிவில்லாத, எளிதில் செய்யத்தக்க சுருள்களைக் கொண்டு அதே புலத்தைப் பெற இயலுமா என்பதே அது. அக்கேள்விக்கும் விடை தேட வேண்டியவர்கள் வளைகோட்டு வடிவியல் கற்றவர்களே.

இத்துறையில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. குஜராத்தின் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் ஆதித்யா என்னும் டோக்காமாக் 1989-இல் இயங்கத் தொடங்கியது. பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஐடெர் உலைத் திட்டத்தில் இந்தியா உறுப்பு நாடு. அதன் மாபெரும் குளிர்கலனை அளித்தது இந்தியாதான். கதவு திறந்திருக்கிறது. அதன் வழியே நுழைய நம் பிள்ளைகள் ஆயத்தமாக இருக்கிறார்களா என்பதே கேள்வி.

பெருமை போதுமா?

நம் சமுதாய மேடைகளில் பக்தாதின் அறிவுப் பெருமை அடிக்கடி பேசப்படுகிறது. பேசத்தக்கதே. ஆனால் அப்பெருமை எவ்வாறு விளைந்தது என்பதையும் உடன் பேச வேண்டும். கிரேக்க அறிஞர் அப்பொலோனியசு கூம்பு வெட்டுகளாகிய வளைகோடுகளைப் பற்றி எட்டுப் பகுதிகள் கொண்ட நூல் ஒன்றை எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் பனூ மூசா சகோதரர் மூவர் பக்தாதில் அதன் மொழிபெயர்ப்பை முன்னின்று நடத்தினர். ஐந்து முதல் ஏழு வரையிலான பகுதிகளை அரபியில் ஆக்கியவர் ஹர்ரானைச் சேர்ந்த தாபித் இப்னு குர்ரா. அவர் முஸ்லிம் அல்லர்; சாபியர். நூலும் வேற்று மொழியினர் நூல். அதனால் உடனடியாக விளையக்கூடிய பயனும் பெரிதில்லை. எனினும் ஆதரித்தார்கள், பொருள் ஈந்தார்கள்.

அவ்வீகையின் விளைவு யாது? அம்மூன்று பகுதிகளின் கிரேக்க மூலம் அழிந்துபோயிற்று. அரபியில் மட்டுமே அவை பிழைத்தன. எட்டாம் பகுதி தொலைந்துபோக, அதில் இருந்திருக்கக்கூடியதை இப்னுல் ஹைதம் தம் அறிவால் மீட்டெழுத முயன்றார். உமர் கய்யாம் அவ்வளைகோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளைக் கொண்டு முப்படிச் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டார். கோள்களின் பாதை நீள்வட்டம் எனக் கெப்ளர் 1609-இல் அறிவித்தபோது, அப்பொலோனியசின் காலத்திற்குப் பின் ஏறத்தாழ 1800 ஆண்டுகள் கடந்திருந்தன. எட்மண்டு ஹாலி அரபு மொழியைக் கற்று அந்நூலைப் பதிப்பித்தது 1710-இல். பயன் வந்தது, ஆனால் அதற்குப் பொருள் ஈந்தவர்களின் வாழ்நாளில் வரவில்லை. பயனை எதிர்பாராது அறிவைக் காப்பதும் நிலையான ஓர் அறமே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

செய்யத்தக்கன

ஆகவே மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம். முதலாவது, நம் கல்வி நிறுவனங்கள் கணிதம், இயற்பியல் முதலிய அடிப்படைத் துறைகளின் தகுதியை ஓர் ஆண்டின் விண்ணப்ப எண்ணிக்கையைக் கொண்டு அளக்கலாகாது. மாணவர் குறைந்தனர் என்று ஒரு துறையை மூடுவது எளிது. ஆசிரியரும் நூல்களும் கலைந்தபின் அதனை மீண்டும் எழுப்புவது தலைமுறை வேலை. ஸ்டெல்லரேட்டரைக் கைவிடாத சிலர் இருந்ததால்தான் அது மீண்டது என்பதை மறத்தல் ஆகாது.

இரண்டாவது, சமுதாயத்தின் செல்வர்களும் ஜமாஅத்துப் பெரியோர்களும் வழங்கும் கல்வி உதவியில் ஒரு பகுதியேனும் அடிப்படை அறிவியலில் மேற்படிப்பும் ஆய்வும் மேற்கொள்ளும் மாணவ மாணவியர்க்கு ஒதுக்கப்பட வேண்டும். மருத்துவமும் பொறியியலும் தொழிற்கல்வியும் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அவை அனைத்தும் வேரூன்றி நிற்கும் மண்ணுக்கும் நீர் வார்க்க வேண்டும் என்பதே வேண்டுகோள். பனூ மூசா சகோதரரின் மரபைப் போற்றுவோர் அவர்களைப் போல் ஈவதே உண்மையான போற்றுதல்.

மூன்றாவது தமிழ்த்துறையினராகிய நம்மைப் பற்றியது. தமிழ்த்துறை மலரில் காந்த அச்சுக்கும் முறுக்கத்துக்கும் என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். பக்தாதில் அறிவு தங்கியது அரபு மொழி அதற்கு இடம் கொடுத்ததால். கிரேக்கச் சொற்களுக்கு அரபியில் சொல் தேடியவர்கள் கணித அறிஞரும் மொழியறிஞரும் சேர்ந்தே தேடினர். நம் மொழியில் வளைவு, நெளிவு, சுழி, புரி, முறுக்கு, திருகு எனக் கோட்டின் ஒவ்வோர் அசைவுக்கும் சொல் இருக்கிறது. கயிறு திரிப்போரும் சங்கு குளிப்போரும் தச்சரும் அச்சொற்களை நாள்தோறும் வழங்கி வந்தனர். அவற்றைத் திரட்டி, பொருள் வரையறுத்து, பாடநூலில் ஏற்றுவது தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்ய வேண்டிய பணி. தம் தாய்மொழியில் முறுக்கம் என்றால் என்னவெனப் புரிந்துகொண்ட மாணவர், வாய்பாட்டைக் கண்டு அஞ்ச மாட்டார். இப்பணியை நம் கல்லூரியின் இரு துறைகளும் இவ்வாண்டே தொடங்கலாம். அதற்குப் பெருஞ்செலவும் இல்லை.

"இதனைப் படித்தால் என்ன பயன்?" என்று வினவும் பெற்றோர்க்குப் பணிவுடன் ஒன்று கூறுவோம். 18 வயதுக் கிளேரோவிடம் அவர் காலத்தில் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் அவரால் விடை கூற இயன்றிராது. விடையை இன்று கிரைப்ஸ்வால்டின் சுருள்கள் கூறுகின்றன. நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் இன்று ஆர்வத்தோடு வரையும் கோடு நாளை எந்த நெருப்பைத் தாங்கும் என்பதை நாம் அறியோம். வல்ல இறைவனே அறிவான். அக்கோட்டை அவர் வரைந்து முடிக்க இடமும் பொழுதும் ஊக்கமும் தருவது மட்டும் நம் கடமை. அதனைச் செய்வோமாக.